சீட்டு இல்லாத குடித்தனம்

"வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்!" கொரோனா காலத்தில் நாம் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். சொந்த வீடு இருக்கிறவர்களுக்கு அது வெறும் கட்டளை. ஒண்டுக் குடித்தனக்காரிக்கோ பெரிய கவலை. இருக்கிற வீட்டையே காலி பண்ணச் சொல்லிவிட்டால், பிள்ளைகளோடு எங்கே போய் அடங்குவது?

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. நம் காரைக்கால் பக்கத்தில் திருநள்ளாறு கோயிலுக்கு வரும் பக்தர்களை நம்பி எள் தீபமும் பூவும் விற்றவர்கள், சித்தாள் வேலைக்குப் போனவர்கள், மீன் கூடை தூக்கினவர்கள் எல்லோருக்கும் வரும்படி நின்றுபோயிற்று. ஒண்ணாம் தேதி மட்டும் நிற்கவில்லையே! அது மாதாமாதம் வந்துகொண்டேதான் இருந்தது.

அந்த மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, அவர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லி வற்புறுத்தினால் நடவடிக்கை என்றது. நல்ல உத்தரவுதான். ஆனால் ஊரடங்கு ஒரு மாதத்தோடு முடியவில்லை. இங்கிலாந்தில்கூட 2021 மே மாதம் வரை குடியிருப்பவர்களை வெளியேற்றுவதைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்தார்கள். அங்கேயும் வாடகைப் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடவில்லை. தடை நீங்கியதும் கடன் வாசலில் வந்து நின்றது.

இதில் நமக்கு என்ன பாடம்? சர்க்கார் உத்தரவு வந்தாலும், "நான் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன், இத்தனை வாடகை கொடுக்கிறேன்" என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நம் ஊரில் பாதிக் குடித்தனம் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. அட்வான்ஸ் கொடுத்ததற்கும் சீட்டு கிடையாது, வாடகைக்கும் ரசீது கிடையாது. நல்ல காலத்தில் எல்லாம் சரியாகத்தான் போகும். மனஸ்தாபம் வந்தால்தான் தெரியும்!

ஆகவே, சகோதரிகளே, இப்போதே சிலவற்றைச் செய்து வையுங்கள்.

சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மாதாமாதம் தேதி, தொகை எழுதி வீட்டுச் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். போனில் பணம் அனுப்பினால் 'வாடகை' என்று குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள். அட்வான்ஸ் தொகை எழுத்தில் இருக்கட்டும்.

பணம் புரளாத மாதத்தில் ஒளிந்து திரியாதீர்கள். தேதிக்கு முன்பே போய்ச் சொல்லி, முடிந்ததைக் கொடுத்து, மீதியை எப்படித் தீர்ப்பது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

யாராவது சாமானைத் தூக்கி வெளியே வைத்துக் கதவைப் பூட்டினால், "நம் விதி" என்று அழுதுகொண்டே போய்விடாதீர்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் சொல்கிறது. வக்கீலுக்குப் பணம் ஏது என்கிறீர்களா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. இது 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

வீடு விட்டிருக்கும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகையை நம்பியே ஜீவிக்கிற விதவைகளும் உண்டு, அவர்கள் கஷ்டமும் கஷ்டந்தான். அதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும், கரண்டைப் பிடுங்குவதும் வேண்டாமே! தொற்று நோய்க் காலத்தில் ஒரு குடும்பம் வீதிக்கு வந்தால் கைக்குழந்தையின் தடுப்பூசி தவறும், கர்ப்பிணிக்கு வழக்கமான பரிசோதனை தவறும், நோயும் தெருத்தெருவாகப் பரவும். இரண்டு பக்கமும் கணக்கு எழுத்தில் இருந்தால், பாக்கி கொஞ்சம் தாமதமானாலும் வந்து சேரும், மனசும் கசக்காது.

அடுத்த ஒண்ணாம் தேதி வாடகை கொடுக்கும்போது, கையோடு நோட்டையும் கொண்டு போங்கள்.