ஒரு மணி நேரக் கோபம்

சென்ற வாரம் கோவில்பட்டியில் ஒரு தெருமுனைக் கூட்டம். பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான் தம்பி ஒருவன். இருபது வயதிருக்கும். கையிலே கைப்பேசி, கண்ணிலே களிப்பு!

"அண்ணாச்சி! நீங்க பேசினதைப் போட்டு அரை மணிதான் ஆகுது. அதுக்குள்ள நாலாயிரம் பேர் பார்த்துட்டாங்க!" என்றான்.

மகிழ்ந்தேன். மகிழாதவன் மேடைப் பேச்சாளனே அல்லன்! எதிரே நின்று கேட்டவர் இருநூறு பேர். எங்கெங்கோ இருந்து பார்த்தவர் நாலாயிரம் பேர் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது?

மறுநாள் மாலை அதே தம்பியைத் தேநீர்க் கடையில் கண்டேன். "இப்போது எத்தனை பேர் தம்பி?" என்றேன். கைப்பேசியைத் தடவிப் பார்த்தான். களிப்பு குறைந்தது. "நாலாயிரத்து முந்நூறு அண்ணாச்சி. இனிமே ஏறாது. அது பழசாயிருச்சு" என்றான்.

பழசு! காவல் நிலையத்திலே மனிதன் வதைபடலாமா என்று கேட்ட கேள்வி, ஒரே நாளில் பழசு! கொடுமை பழசாகவில்லை; அதைக் கண்டிக்கும் பேச்சு மட்டும் பழசாகிவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை, தோழர்களே!

இந்தப் பதிவுகளின் ஆயுளை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பதிவு பெறப்போகும் மொத்தக் கவனத்தில் சரிபாதி எவ்வளவு நேரத்தில் தீர்ந்துபோகிறது என்பதே அவர்கள் கையாளும் அளவுகோல். 2011ஆம் ஆண்டு பிட்லி என்னும் அமெரிக்க நிறுவனம் கணக்கெடுத்தது. ட்விட்டரில் பகிர்ந்த இணைப்புக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முகநூலில் மூன்று மணிக்குச் சற்று அதிகம். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பிறர் எடுத்த கணக்குகளில் அந்த ஆயுளும் தேய்ந்துவிட்டது. 2023இல் எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் ஒரு மணி நேரமும் இல்லை. முகநூலில் இரண்டு மணிக்குள் முடிகிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு நாள் தாண்டுவதில்லை. யூடியூப் காணொளி எட்டு ஒன்பது நாள் தாக்குப் பிடிக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோ 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடுகிறது. மழைக்குப் பின் எழும் ஈசலுக்குக்கூட ஓர் இரவு உண்டு. நம் கோபத்துக்கு ஒரு மணி நேரம்!

ஏன் இப்படி? மக்களின் மறதி மட்டுமா காரணம்? அல்ல. அந்தச் சுவர் நம்முடைய சுவர் அல்ல. விளம்பரம் விற்கும் முதலாளியின் சுவர். புதிது புதிதாகக் காட்டினால்தான் பார்ப்பவன் கையை எடுக்கமாட்டான். கையை எடுக்காவிட்டால்தான் காசு. நேற்றைய கண்ணீர் அவனுக்கு நேற்றைய சரக்கு. ஆகவே நாம் எழுதிய சுவரின் மீது, மை காயும் முன்பே சுண்ணாம்பு அடித்துவிடுகிறான்.

ஆயுள் குறைவு என்பதோடு முடிகிறதா? கழுத்தும் பிறர் கையில்! 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துச் சென்ற மக்கள் மீது துப்பாக்கி வெடித்தது. பதின்மூன்று உயிர்கள் பறிபோயின. உலகுக்குச் செய்தி சொல்ல வேண்டிய அந்த வேளையில், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். விளக்கை ஊதியணைக்க ஓர் ஆணை போதுமாக இருந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, ஏழை எளியவர் ஏற்றிவைத்த எண்ணற்ற காட்சிகள் இந்த நாட்டின் கண்ணிலிருந்து ஒரே நாளில் மறைந்தன. வாடகை வீட்டில் வைத்த வரலாறு அப்படித்தான் போகும்!

அந்த 2020 ஜூன் மாதத்தைக் கோவில்பட்டிக்காரன் மறக்கலாமா?

சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்தி வந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குள் சென்றார்கள். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்பது அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றம். மறுநாள் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கடந்து அவர்களைக் கொண்டுவந்து அடைத்தது எங்கே? நம் கோவில்பட்டிக் கிளைச் சிறையில்! ஜூன் 22 இரவு மகன் மாண்டான். 23ஆம் நாள் விடியும் முன் தந்தை மாண்டார். இரு உயிரும் பிரிந்தது நம் ஊர் அரசு மருத்துவமனையில்.

உலகம் கொதித்தது. பம்பாய்த் திரையுலகமும் பேசியது. 'ஜஸ்டிஸ் ஃபார் ஜெயராஜ் அண்ட் ஃபெனிக்ஸ்' என்ற ஹேஷ்டேக் கடல் கடந்து ஓடியது. பென்னிக்ஸ் என்னும் பெயர் ஃபெனிக்ஸ் ஆனதைக்கூடக் கவனிக்க நேரமில்லாத வேகம்! ஒரு பாடகி ஆங்கிலத்தில் பேசிய காணொளியை இலட்சோப இலட்சம் பேர் பார்த்தார்கள். ஜூலையில் காவல் துறை சொன்ன பின் அதுவும் அகற்றப்பட்டது. பிறகு? வேறு செய்தி வந்தது. வேறு கோபம் வந்தது. ஹேஷ்டேக் தூங்கப் போய்விட்டது.

தூங்காதது எது? சொல்கிறேன், கேளுங்கள்.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் ஆணைப்படி விசாரிக்கச் சென்றார் கோவில்பட்டி நீதித்துறை நடுவர். சாத்தான்குளம் காவல் நிலையத்திலே அவர் கண்டது என்ன? கண்காணிப்புக் கேமரா இருந்தது. பதிவைச் சேமிக்க ஒரு டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் ஜூன் 19 இரவின் காட்சி இல்லை! அன்றாடப் பதிவு அன்றாடம் தானே அழியும்படி அந்தக் கருவியை அமைத்து வைத்திருந்தார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள்! காவல் நிலையத்துச் சுவரிலே ஒரு கேமரா. ஒவ்வொரு நாளும் தன் நினைவைத் தானே அழித்துக்கொண்டது. நம் கையிலே ஒரு கைப்பேசி. ஒவ்வொரு மணியும் நம் நினைவை அழித்துக்கொண்டிருக்கிறது. முன்னதைக் கண்டு பதறுகிறோம். பின்னதை 'டிரெண்டிங்' என்று கொண்டாடுகிறோம். கொடுமை செய்பவனுக்கு இந்த இரண்டைக் காட்டிலும் வேறு துணை வேண்டுமா?

கேமரா மறந்ததை மறக்கவில்லை ஒரு பெண். அந்த நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் அவர். இரவெல்லாம் அடித்தார்கள் என்று நடுவரிடம் சொன்னார். மேசையிலும் தடியிலும் இரத்தக் கறை இருந்தது என்று சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றிருக்க, அஞ்சி அஞ்சி, தயங்கித் தயங்கி, இறுதியில் கையெழுத்திட்டார். அந்தக் காகிதத்துக்கு எத்தனை 'லைக்'? ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காகிதமும், நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையும் சேர்ந்து செய்த காரியத்தைப் பாருங்கள். காவல் நிலையமே வருவாய்த் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. கொலை வழக்குப் பதிவாயிற்று. ஆய்வாளர் உட்படக் காவலர்கள் கைதானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்பது பேர் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை வைத்தது. அதன் பின் மதுரை நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் விசாரணை நீண்டது.

ஆண்டுக்கணக்கில்! அந்த ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம்?

பிறரைக் கேட்கும் முன் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கிளைச் சிறை என் வீட்டிலிருந்து நடைதூரம். அந்த வாரம் நானும் பதிவிட்டேன், எழுத்து கனல் கக்கியது, பாராட்டும் குவிந்தது. அடுத்த வாரம் வேறொன்றைப் பற்றிக் கனல் கக்கினேன். அந்த வழக்கின் ஒரு விசாரணை நாளிலாவது மதுரைக்குச் சென்று நீதிமன்ற வாயிலில் நின்றேனா? இல்லை. நாடகம் எழுதுகிறவன் என்று பெயர். இந்தத் துயரத்தை ஒரு கிராமத்து மேடையிலாவது ஏற்றினேனா? அதுவும் இல்லை. ஒரு மணி நேரக் கோபக்காரர்களின் பட்டியலில் முதற்பெயர் என்னுடையது!

"பதிவே வேண்டாம் என்கிறாயா? பதிவு இல்லாவிட்டால் இந்தக் கொடுமை உலகுக்குத் தெரிந்திருக்குமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தீப்பெட்டி செய்யும் ஊர்க்காரன் தீக்குச்சியைப் பழிப்பேனா? ஆனால் குச்சி எரிவது சில நொடி என்பதும், அதற்குள் விளக்கைக் கொளுத்தாவிட்டால் விரல்தான் சுடும் என்பதும் இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாம் குச்சிமேல் குச்சி உரசிக்கொண்டிருக்கிறோம். விளக்கு திரியோடு காத்துக்கிடக்கிறது.

விளக்கைக் கொளுத்தியவரும் உண்டு. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளி அஜித்குமார் காவலர்களின் பிடியில் அடிபட்டு உயிரிழந்தார். ஆட்சி மாறியிருந்தது, தடி மாறவில்லை! அங்கே ஒருவர் மறைவாக நின்று அந்தக் காட்சியைக் கைப்பேசியில் எடுத்தார். நாடெல்லாம் அதைப் பார்த்தது. எடுத்தவர் அதோடு நின்றாரா? காணொளி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அவர் நீதிபதியின் விசாரணையில் சாட்சியாகவும் நின்றார். அச்சமில்லாமல் அல்ல, அச்சத்தோடுதான் நின்றார். பதிவுக்கு ஆயுள் தந்தது அந்த மனிதரின் கால்கள்!

சுவரில் செய்தி ஒட்டுவது நமக்குப் புதிதன்று. 1801 மே மாதம் நம் கரிசல் மண்ணின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. ஊமைத்துரை தப்பிச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்தான். அடுத்த மாதமே சின்ன மருது வெள்ளையனை எதிர்த்து ஓர் அறிக்கை விடுத்தான். அது திருச்சிக் கோட்டையின் சுவரிலும் திருவரங்கத்துக் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. காகிதம் மழையில் கரைந்திருக்கும், வெள்ளையன் கிழித்திருப்பான். ஆயினும் இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் அதை நாம் பேசுகிறோமே, ஏன்? ஒட்டியவர்கள் ஒட்டிவிட்டு உறங்கப் போகவில்லை. அதற்காகக் களத்தில் நின்று மாண்டார்கள். எதிரிகூட அதைப் படியெடுத்துக் காக்க வேண்டியதாயிற்று!

ஆகவே கட்சித் தோழர்களுக்கும், குறிப்பாகக் கைப்பேசியைக் கையில் ஏந்திய தம்பிகளுக்கும் சில சொல்வேன்.

கொடுமையைப் படம் எடுத்தால் மூலப் பதிவை அழிக்காதே. பலர் கை மாறிய காணொளியை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு. முன்பிருந்த சட்டத்திலும் அதுவே விதி. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யார் உடனிருந்தார் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வை.

காவல் நிலையக் கேமராவின் பதிவை 18 மாதம் காக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஹேஷ்டேக் போடும் அதே நாளில், அந்தப் பதிவைப் பாதுகாக்கக் கோரி எழுத்து மூலம் ஒரு மனுப் போடு! மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு படி அனுப்பு. ஒப்புகைச் சீட்டை வாங்கிக் கட்சிப் படிப்பகத்தில் கோப்பிலே சேர்த்து வை.

ஒவ்வொரு படிப்பகத்திலும் அப்படி ஒரு கோப்பு இருக்கட்டும். அடுத்த விசாரணை எந்த நாள் என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்த நாளில் பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு பத்துப் பேர் நீதிமன்றம் செல்லுங்கள். முழக்கம் வேண்டாம், உடனிருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் அலையும் ஒரு தாய்க்கு, 'மறக்கவில்லை அம்மா' என்று நேரில் சொல்லும் ஒரு முகம், நாலாயிரம் பேர் பார்த்த காணொளியை விடப் பெரிது.

கரிசல் மண்ணின் இயல்பு நமக்குத் தெரியும். ஐப்பசியில் பெய்யும் மழையை அது உடனே விட்டுவிடாது. ஆழத்தில் ஈரத்தை அடக்கி வைத்திருக்கும். மழை நின்று மாதங்கள் ஆன பின்னும் அந்த ஈரத்தில்தான் பருத்தி வெடிக்கிறது, சோளம் கதிர் தள்ளுகிறது. மணற்பாங்கான நிலத்தில் அதே மழை பெய்தால் மறுநாளே சுவடு இருக்காது.

தேநீர்க் கடையிலே அந்தத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் கோப்பை நான் பார்த்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றான்.

அவனிடம் கைப்பேசி இருக்கிறது. இனி ஒரு கோப்பும் இருக்கும். நாளை விசாரணை நாள் வரும்போது அவனோடு பேருந்து ஏறுவோர் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கையைத்தான் இனி நான் கேட்கப்போகிறேன்!