மீதி இரண்டு விழுக்காடு எது?



விளக்கை அணைத்த பின்னும் ஒளிரும் பொருள்களைக் கண்டிருப்பீர்கள். இன்று அவசர வழிப் பலகைகளில் பெரிதும் பயன்படுவது ஸ்டிரான்ஷியம் அலுமினேட். அதனை ஆக்க 1000 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், யூரோப்பியம் முதலிய அருமண் உலோகங்களும் வேண்டும். கரிமப் பொருள்களுக்கோ இவ்விரண்டும் வேண்டா. 2017-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் கபே, அடாச்சி ஆகிய இருவரும் இரண்டு கரிமச் சேர்மங்களைக் கலந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒளிரச் செய்தனர். மூலக்கூற்றை மாற்றினால் நிறம் மாறும். சில படிகங்களில் பாய்ச்சும் ஒளியின் அலைநீளத்தை மாற்றினாலே போதும்.

இத்துறையில் நம் மாணவர் பலர் ஈடுபட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கார்பசோல் கற்பித்த பாடத்தை நாம் மறந்துவிடலாகாது.

கார்பசோல் வழிச் சேர்மங்கள் நெடுநேரம் நின்றொளிர்வதற்குப் படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட முறையே காரணம் என்று அறிஞர் பலர் எழுதி வந்தனர். 2020-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கடைச்சரக்கை விடுத்துத் தாமே கார்பசோலை ஆக்கினர். நெடிய ஒளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று! கடைச்சரக்கில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கலந்திருந்த ஒரு மாற்றியம்தான் ஒளிக்குக் காரணம். அதனைச் சிறிதளவு மீண்டும் சேர்த்தவுடன் ஒளியும் திரும்பிற்று.

இதனால் கலப்பு இழிவென்று கருத வேண்டா. இன்னது கலந்துள்ளது என்று தெரிந்துவிட்டால், விருந்தாக வரும் மூலக்கூற்றைத் தேர்ந்து நிறத்தையும் நாமே அமைத்துக்கொள்ளலாம். தெரியாதபோதுதான் துன்பம். பழைய புட்டி தீர்ந்து புதியது வந்ததும் ஒளி மறைந்தால், பழி யார் மீது விழும்? மாணவனின் கைத்திறன் மீதன்றோ!

ஆகவே என் கருத்து இது. நின்றொளிர்வு பற்றி எழுதப்படும் ஒவ்வொரு கட்டுரையும், மூலப்பொருள் எங்கு வாங்கப்பட்டது, எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது என்பதைக் கூற வேண்டும். ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிய மாதிரியோடு ஒருமுறையேனும் ஒப்பிட்டுக் காட்டவும் வேண்டும். ஒளிராத மாதிரியின் அளவீட்டையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

"இதற்கெல்லாம் நேரமேது, பணமேது?" என்பர் சிலர். சில வாரங்கள் செல்லும் என்பது உண்மையே. ஆனால் பிழையான காரணத்தைத் துரத்தி ஒரு மாணவன் இழக்கும் ஆண்டுகளை எந்த மானியம் திருப்பித் தரும்?

புட்டியின் மேல் 98 விழுக்காடு தூய்மை என்றிருந்தால், மீதி இரண்டு எது என்று கேட்போம். கேட்பது நம் உரிமை. ஆய்வாளனுக்கு அது கடமையுமாகும்.