மசாஜ் நிலையம் போகிறவர்கள் அறிய வேண்டியவை

ஊரை விட்டு வந்து தனி அறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞனுக்கு ஞாயிற்றுக்கிழமை மிக நீளமான நாள். ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பித் தமிழர்கள் வந்து சேர்ந்த கோர்படியிலும் அத்தகைய இளைஞர்கள் உண்டு. ரயில் பாதைக்கு அப்பால் கோரேகாவ் பார்க். அங்கும் நகரின் பிற பகுதிகளிலும் "ஸ்பா" என்ற பலகையுடன் மசாஜ் நிலையங்கள் இருக்கின்றன. உடல்வலிக்குப் பிடித்துவிடுவதோடு நிற்பவை உண்டு. பலகைக்குப் பின்னால் வேறு வியாபாரம் நடத்துபவையும் உண்டு. போலீஸ் சோதனை, பெண்கள் மீட்பு என்ற செய்திகள் புனே பத்திரிகைகளுக்குப் புதியவை அல்ல.

போகாதே என்று உபதேசிப்பது சுலபம். கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? போகிறவன் ஏமாறாமலும், இன்னொருத்தியின் துன்பத்துக்கு உடந்தையாகாமலும் இருக்க வழி சொல்வதே உபயோகமானது.

தொலைபேசியில் முன்பணம் கேட்பவர்களுக்கு ஒரு காசும் அனுப்பக் கூடாது. பல சமயம் அப்படி ஒரு நிலையமே இருக்காது. நேரில் போனால் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போனபின் தொகை ஏறினால் எழுந்து வந்துவிடலாம். படம் எடுத்திருக்கிறோம், வீட்டுக்குச் சொல்வோம் என்று மிரட்டுபவர்களின் மூலதனம் வாடிக்கையாளரின் வெட்கம் ஒன்றுதான். ஒருமுறை கொடுத்தவனிடம் மறுமுறையும் கேட்பார்கள். செல்போன் வழியே பணம் பறிபோனால், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

எதிர்பாராத உறவு நேர்ந்து நோய்ப் பயம் வந்தால் வெட்கப்பட்டு வீட்டில் இருப்பது மடமை. எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். புனே ரயில் நிலையத்துக்கு அருகிலேயே சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது.

சட்டம் பற்றித்தான் குழப்பம் அதிகம். வயது வந்தவர் சுயவிருப்பத்தில் செய்யும் பாலியல் தொழிலை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கவில்லை. விடுதி நடத்துவதும், பெண்களை அதில் தள்ளுவதும், அந்த வருவாயில் பிழைப்பதுமே குற்றம். சென்னையில் ஒரு மசாஜ் நிலையச் சோதனையில் பிடிபட்ட வாடிக்கையாளர் மீதான வழக்கை 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இதைக் கேட்டுத் துணிச்சல் கொள்பவர் அதே சட்டத்தின் 7-வது பிரிவையும் படிக்க வேண்டும். வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 200 மீட்டருக்குள் என்றால் வாடிக்கையாளருக்கும் மூன்று மாதம் வரை சிறை. கோயிலும் மாதாகோயிலும் பள்ளியும் நெருங்கி நிற்கும் இந்த வட்டாரத்தில் அளந்து பார்த்தா போக முடியும்?

அதைவிடக் கடுமையானது 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 144-வது பிரிவு. கடத்திக் கொண்டுவரப்பட்டவள் என்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒரு பெண்ணைப் பயன்படுத்துபவனுக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டுச் சிறை. சிறுமி என்றால் ஐந்து முதல் பத்தாண்டு. "எனக்கென்ன தெரியும்?" என்ற சமாதானம் எல்லா நேரமும் எடுபடாது.

தெரிந்துகொள்ள அடையாளங்களும் இல்லாமல் இல்லை. கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதிலாக இன்னொருவன் பதில் சொல்கிறான்; அவளுடைய செல்போனும் அடையாள அட்டையும் முதலாளியிடம் இருக்கின்றன; வாசலைத் தாண்ட அவளுக்கு அனுமதி இல்லை; வயதைக் கேட்டால் மனப்பாடம் செய்த பதில் வருகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அங்கே அவளைக் குடைந்து கேட்கக் கூடாது. அடி அவளுக்குத்தான் விழும். சத்தமின்றி வெளியே வந்து 112-க்கும், சிறுமியாகத் தோன்றினால் 1098-க்கும் சொல்ல வேண்டும்.