எள்ளல் யார்மேல்?

சிரிப்பு மூட்டுவன யாவும் நகைச்சுவையே என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. தோட்டத்து விழாவாயினும் பட்டணத்து மேடையாயினும், திக்குவாய், கறுத்த மேனி, பால்மரம் வெட்டும் தொழிலாளியின் கொச்சைப் பேச்சு ஆகிய இம்மூன்றுமே நம் நாடகக்காரர்க்கு மூலதனம். இதனைக் கண்டித்தால், "தொல்காப்பியரே நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தாரன்றோ?" என்று நம்மையே மடக்குவர். வைத்தார்; மறுப்பாரில்லை. அவ்வெள்ளலை நம் புலவர் எவ்வாறு ஆண்டனர் என்பதையன்றோ காணல் வேண்டும்?

அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஔவையார் பழித்தாரா? இல்லை. இவ்வேல்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவலுள் அழகாய் இருக்கின்றன. எம் தலைவன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சிக்குள்ளே, போர் அறியாதவன் நீ என்னும் இகழ்ச்சி! இதனையே வஞ்சப்புகழ்ச்சி என்பர். வள்ளுவரும் கயவரைத் தேவரோடு ஒப்பிட்டார். இருவரும் தாம் விரும்பியவாறே நடப்பவராம்!

அயர்லாந்தின் ஜானதன் சுவிப்ட் 1729இல் வேறொரு வழி கண்டார். ஏழைக் குழந்தைகளை ஓராண்டு நிறைந்ததும் செல்வர் உணவுக்கு விற்கலாம் என்று, சினமே காட்டாத கணக்கர் குரலில் ஒரு திட்டம் வரைந்தார். 1,20,000 குழந்தைகளில் 20,000 பேரை இனப்பெருக்கத்திற்கு நிறுத்தி, எஞ்சிய 1,00,000 பேரை விலைப்படுத்தலாமாம்! பேரேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு, மனிதரைத் தலைக்கணக்காக எண்ணும் அக்குரல் நன்கு பழக்கம். படிப்பவன் முதலில் தலையசைக்கிறான்; பின் திடுக்கிடுகிறான்; முடிவில் நாணுகிறான்.

இவற்றில் எள்ளப்பட்டவர் எவர்? மன்னன், கயவன், ஏழையைச் சுரண்டிய நிலக்கிழான். புகழ்வதுபோல் இகழ்தல், ஒவ்வாததை ஒப்பிடுதல், கொடுமையை நியாயம்போல் பேசுதல் என்னும் கருவிகள் யாவும் எளியோரை விட்டுக் குற்றமுடையோர்மேல் பாய்ந்தன. திக்குவாயனைப்போல் நடித்துக் காட்ட இவற்றுள் எக்கருவி வேண்டும்? ஒன்றும் வேண்டா, அறிவும் வேண்டா.

"மக்கள் விரும்புகின்றனரே!" என்பது அடுத்த சாக்கு. கள்ளையுந்தான் மக்கள் விரும்பினர்; அதற்காகக் கள்ளுக்கடைக்காரனை ஊருக்கு நன்மை செய்தவன் என்றோமா?

நாடகம் எழுதும் இளைஞர்களே! கூலியைக் குறைத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கும் முதலாளியை வாயாரப் புகழ்ந்து ஒரு காட்சி எழுதுங்கள். முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருப்பவர் சிரிப்பதா, வேண்டாவா என்று விழிக்கட்டும். பின்வரிசைத் தொழிலாளி, தான் இழிவு செய்யப்படாத ஒரு நகைச்சுவையைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கட்டும்.