மலைக்குப் போகிற ஜீப்பில் ஒரு சிவப்பு சிலிண்டர்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், முழங்கால் வலிக்கு அடுத்தபடியாகப் பேசுவது பிள்ளைகளும் பேரன்களும் வாங்கும் வண்டிகளைப் பற்றித்தான். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வாங்குகிறார்கள். சனிக்கிழமை விடிந்தால் தேனிப் பக்கமோ கொல்லிமலைப் பக்கமோ தார் போடாத பாதையைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். போகட்டும். மூட்டு தேய்ந்த பிறகா மலை பார்ப்பது?

என் வருத்தம் வேறு. அந்த வண்டியில் கூடுதல் விளக்கு இருக்கும், அகல டயர் இருக்கும், சேற்றில் சிக்கினால் இழுக்க வின்ச் இருக்கும். தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர் மட்டும் இருக்காது. பஸ்ஸில் அது இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சொந்த வண்டிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. சட்டம் கேட்காவிட்டால் என்ன, வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாமே. மாசி முதல் வைகாசி வரை அது இல்லாத வண்டி மலைக்குப் போகக் கூடாது என்பது என் கட்சி.

"வண்டி தீப்பிடிப்பது ஆயிரத்தில் ஒன்று, அதற்குப் போய் இவ்வளவு பயமா?" என்று கேட்பார்கள். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அந்தக் கேள்வி சரி. டவுனில் புகை வந்தால் நாலு கடைக்காரர்கள் மண்ணோடு ஓடி வருவார்கள், தீயணைப்பு வண்டியும் வந்துவிடும். மலையில் 101-க்கோ 112-க்கோ போன் பண்ணவே சிக்னல் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த ஒற்றையடிப் பாதையில் பெரிய வண்டி ஏறி வர முடியுமா?

காட்டுப் பாதையில் ஓடும் வண்டியின் அடிப்பகுதி ஓர் அடுப்பு. சைலன்ஸரோடு சேர்ந்திருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் 400 டிகிரிக்கு மேல் சூடு இருப்பது சாதாரணம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டியும் உண்டு. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானாகவே எரித்துக்கொள்ளும். அப்போது உள்ளே சூடு 600 டிகிரி வரை போகும். அந்த நேரம் பார்த்துக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால் தீக்குச்சியே வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பாதைகளில் இது பழகிப்போன ஆபத்து. அங்கே ஸ்பினிஃபெக்ஸ் என்ற பிசின் நிறைந்த புல் பாதை நடுவிலேயே வளரும். ஓடும்போதே வண்டிக்கு அடியில் அடைந்து, சூட்டுக் குழாயில் பட்டுப் பற்றிக்கொள்ளும். அனுபவப்பட்டவர்கள் வழியில் அடிக்கடி நிறுத்தி, குனிந்து பார்த்து, கொக்கிக் கம்பியால் புல்லை இழுத்து எடுத்த பிறகே மேலே போவார்கள்.

நம் ஊர் பழைய டிரைவர்களுக்கும் இது தெரியும். நான் வேலையில் இருந்தபோது அலுவலக ஜீப்பில் மலைக்குப் போவதுண்டு. பங்குனி வெயிலில் நிறுத்த நேர்ந்தால் நாங்கள் நிழலைத் தேடுவோம், டிரைவர் தரையைப் பார்ப்பார். "வெயில்ல நின்னா நமக்குத்தான் சார் சுடும், புல்லுல நின்னா வண்டிக்குச் சுடும்" என்று சொல்லிப் பாறை மேலே ஏற்றி நிறுத்துவார். அந்த ஜீப்பில் இன்றைய கன்வர்ட்டர்கூடக் கிடையாது.

இன்னொரு காரணம் கூடுதல் விளக்குகள். சரியான ஃபியூஸ் போடாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிடுகிறார்கள். குலுங்கிக் குலுங்கி அந்த ஒயர் தகட்டில் உரசித் தோல் கழன்றால் பொறிதான்.

சிலிண்டர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஏ.பி.சி. பவுடர் வகையாக, 2 கிலோவாக வாங்கச் சொல்லுங்கள். 1 கிலோ சுமார் 10 விநாடியில் தீர்ந்துவிடும். ஒரு டயர் விலைகூட ஆகாது. டிக்கியில் சாமான்களுக்கு அடியில் வைத்தால் பயனில்லை, சீட்டில் இருந்தபடி கை எட்ட வேண்டும். முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, தலைகீழாகப் பிடித்துக் குலுக்கி வைக்க வேண்டும். வண்டி அதிர்வில் பவுடர் கட்டிப்பட்டுவிடும்.

புகை வந்தால் என்ஜினை அணைத்து, முதலில் எல்லோரும் இறங்க வேண்டும். பானட்டை முழுக்கத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும்பும். இடுக்கு வழியாகத்தான் அடிக்க வேண்டும். அடங்கவில்லையா, வண்டியை விட்டுவிட வேண்டும். இன்சூரன்ஸ் வண்டிக்குப் பணம் தரும், பேரனைத் தராது. புல்லில் பற்றிவிட்டால் மேட்டுப் பக்கம் ஓடவே கூடாது. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். பக்கவாட்டில் புல் இல்லாத பாறைக்கோ வெட்டவெளிக்கோ போக வேண்டும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே சிக்கியவர்கள் நடந்து போனவர்கள், அது வண்டிக் கதை அல்ல. ஆனாலும் காய்ந்த மலையில் தீ எத்தனை வேகமாக ஏறும் என்பதை இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். ஜீப்பில் போகிறவர் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. அதே சரிவில் மாடு மேய்ப்பவர் இருப்பார், தேன் எடுக்கப் போனவர் இருப்பார், மேலே ஒரு குடியிருப்பு இருக்கும்.

பேரன் நம் புத்திமதியைக் கேட்க மாட்டான் என்று பலர் சொல்கிறீர்கள். புத்திமதி வேண்டாம். அடுத்த பிறந்த நாளுக்குச் சட்டைத்துணிக்குப் பதில் அந்தச் சிவப்பு சிலிண்டரை வாங்கிக் கொடுங்கள். சிரிப்பான். சிரித்துக்கொண்டே வண்டியில் மாட்டிக்கொண்டால் போதும்.