யாருமில்லாத மலை எங்கே இருக்கு?

போன வருசம் எங்க கெம்பஸ் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தது. பச்சை மலை, மஞ்சள் டென்ட், கொஞ்சம் மூடுபனி. மேலே பெரிய எழுத்தில் “யாருமே இல்லாத மலையில் ஓர் இரவு.” இடம் நமுனுகுலை.

நான் அந்த மலைக்குக் கீழே, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்து வளர்ந்தவள். யாருமே இல்லாத மலையாம். அப்போ எங்க அம்மா தினமும் காலையில் படங்கைக் கட்டிக்கிட்டு எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறாங்க?

அன்னைக்குக் கோபத்தில் ஒரு பதில் டைப் பண்ணி, அனுப்பாமல் அழிச்சேன். அதைத்தான் இப்போ ஆற அமர எழுதுறேன். நான் கேம்பிங்குக்கு எதிரி இல்லை, நானும் போறவள்தான். என் சண்டை இணையத்தில் சுத்துற ‘பாதுகாப்பான கேம்பிங்குக்குப் பத்து டிப்ஸ்’ வகையறாக்களோட. எந்தச் சப்பாத்து, எந்த ஸ்லீப்பிங் பேக், எந்தப் பவர் பேங்க், எல்லாம் அதில் இருக்கும். மலையில் மனுசர் இருக்காங்க என்கிற ஒரு விசயம் மட்டும் இருக்காது. ஊவாவில் அந்த ஒன்றை விட்டுட்டா மிச்ச டிப்ஸில் பாதி பிழையாப் போயிடும்.

தண்ணியை எடுத்துக்கோங்க. பல லயங்களுக்குத் தண்ணி வர்றது மலை ஊற்றிலிருந்து. மேலே ஒரு சின்னத் தொட்டி, அங்கிருந்து குழாய், கீழே பீலி. அவ்வளவுதான் எங்க நீர் வழங்கல். நான் ஏ.எல். படிச்ச காலத்தில், போயாவோட சேர்ந்து வந்த ஒரு நீண்ட விடுமுறை முடிஞ்ச மறுநாள், பீலியில் தண்ணி நுரைச்சு வந்தது. மாமா மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். ஊற்றை ஒட்டி டென்ட் அடிச்ச தடம், சட்டி கழுவின நூடுல்ஸ் மிச்சம், கிழிச்ச ஷாம்பு பக்கெட்டுகள், கொஞ்சம் தள்ளிப் பாறைக்குப் பின்னால் டிசுப் பேப்பர். அந்தக் கிழமை எங்க லயத்தில் நாலு சின்னப் புள்ளைங்களுக்கு வயிற்றோட்டம். அதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு எந்த டொக்டரும் எழுதித் தரல. எழுதித் தரணுமா என்ன?

மலையேறுறவங்க உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரு வழக்கம் இருக்கு. கக்கூசுக்குப் போறதா இருந்தாலும், குளிக்கிறதோ சட்டி கழுவுறதோ எதுவா இருந்தாலும், ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போகணும். 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிஞ்சதும் மண்ணால மூடணும். டிசுவும் நாப்கினும் பையில் கட்டித் திரும்ப வரணும். ‘மக்கும்’னு எழுதின சவர்க்காரம் மண்ணுக்குள்ளதான் மக்கும், ஓடையில் இல்லை. ஒரு டென்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவங்க ஒரு சின்னத் தோட்டக் கரண்டி வாங்க ஏன் யோசிக்கிறாங்கன்னு எனக்கு இன்னும் விளங்கல.

இப்போ எங்க பக்கத்து ஆட்களோடயும் கொஞ்சம் சண்டை பிடிக்கணும். முதல் தடவை போறேன்னு சொன்னப்போ அம்மா கேட்டாங்க, “நாங்க விதியேன்னு ஏறுறோம், நீ காசு குடுத்து ஏறப் போறியா?” பக்கத்து வீட்டு அத்தைக்கு வேற கவலை, பொம்பளப் புள்ள ராத்திரி மலையில் படுக்கிறதா? அம்மாவோட கேள்வியை என்னால சும்மா தள்ள முடியாது. மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்த சனம் நாங்க. கோப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் படுத்து எழும்பாமலே போனவங்க எத்தனையோ பேர். வெட்டவெளியில் படுக்கிறது எங்க குடும்பக் கதையில் உல்லாசமா இருந்ததே இல்லை.

ஆனா இதையும் சொல்லணும். அடிவாரத்திலேயே பிறந்த நான் நமுனுகுலை உச்சியில் சூரியன் எழும்புறதை முதல்முதலாப் பார்த்தது 20 வயசில்தான். அம்மா இன்னும் பார்த்ததில்லை. மலைன்னா எங்களுக்கு நம்பர், நிறை, பேர். கிலோ கணக்கு இல்லாம ஒரு தடவை அதில ஏறி உட்கார்ந்து பார்க்கிற உரிமை கொழும்புப் பிள்ளைகளுக்கு இருக்கிற மாதிரி எங்க பெண்களுக்கும் இருக்கணும். அதனாலதான் போகாதேன்னு சொல்லாம, எப்படிப் போறதுன்னு எழுதுறேன்.

எப்போ போறது? ‘இலங்கையில் மலையேற டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சிறந்த காலம்’னு ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கொப்பி அடிக்கிறாங்க. அது சிவனொளிபாதமலை சீசன் கணக்கு. ஊவா மலைச்சரிவின் கிழக்குப் பக்கம். எங்களுக்கு ஒக்டோபரில் தொடங்குற மழை வடகீழ்ப் பருவக்காற்றோட சேர்ந்து ஜனவரி வரைக்கும் இழுக்கும். மேற்குப் பக்கம் தென்மேல் மழையில் நனையிற ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் இங்கே வறட்சி, கூடவே டென்டைக் கம்பியோட பிடுங்குற காற்று. ஒரே தீவுதான், ஆனா மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கலண்டர்.

தியலும உச்சியில் கேம்ப் அடிக்கிறது இப்போ பெரிய பேஷன். 220 மீட்டர் நீர்வீழ்ச்சி, மேலே இயற்கைக் குளங்கள், அழகுதான், இல்லைன்னு சொல்லல. அந்தக் குளங்களுக்கு வர்றது பூனாகலை ஓயாவின் தண்ணி. நீங்க குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே பூனாகலைப் பக்கம் மழை கொட்டும். தண்ணி நிறம் மாறினாலோ, குச்சியும் சருகும் கூடுதலா மிதந்து வந்தாலோ போட்டோவை விட்டுட்டுக் கரையேறுங்க. ஓடைக்குப் பக்கத்திலும் விளிம்புக்குப் பக்கத்திலும் டென்ட் அடிக்காதீங்க. மடூல்சீமை மினி வேர்ல்ட்ஸ் எண்டிலும் இதேதான். மூடுபனி இறங்கினா விளிம்பு எங்கேன்னு தெரியாது. போத்தலும் உள்ளே இறங்கியிருந்தா சொல்லவே வேண்டாம்.

தியலுமவுக்குப் போற வழியில் கொஸ்லாந்தை வரும். அங்கிருந்து மேலே மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிஞ்சு லயங்களை அப்படியே மூடிட்டது. அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருசக் கணக்கா முன்கூட்டியே எச்சரிச்சிருந்தது, சனம் மட்டும் அங்கேயே இருந்தது. போக வேற இடம் கொடுத்தாத்தானே போறது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலிலும் பதுளை மாவட்டம் மண்ணுக்கடியில் ஆட்களைப் பறிகொடுத்தது.

அதே நிறுவனம்தான் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மண்சரிவு எச்சரிக்கை விடுது. மஞ்சள் வந்தாலே உங்க பயணத்தைத் தள்ளிப் போடுங்க, லயத்துச் சனத்தால அது முடியாது. மலையில் இருக்கும்போது நிலத்தில் புது வெடிப்பு, சாய்ஞ்ச மரம், திடீர்னு கலங்குற ஊற்று, நேற்று இல்லாத இடத்தில் கசிவு, இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே இறங்கணும். இறங்கிப் போய்க் கீழே லயத்தில் சொல்லணும். 117க்கும் அடிச்சு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லணும். ‘டிப்ஸ்’ எழுதுறவங்க முதல் பாதியை எழுதுவாங்க. இரண்டாம் பாதியை நான் எங்கேயும் வாசிச்சதில்லை.

என் மானம் போன கதையையும் சொல்றேன். முதல் தடவை நாங்க டென்ட் அடிச்ச இடம் நல்ல சமதரை, இரண்டு பக்கமும் மறைப்பு, காற்றே இல்லை. எவ்வளவு கெட்டிக்காரி நான்! ராத்திரி இரண்டு மணிக்கு மழை வந்தப்போதான் அது தேயிலை மலையின் பழைய கான்னு விளங்கிச்சு. ஸ்லீப்பிங் பேக் ஊறிட்டது. ஜீன்ஸ் போட்டிருந்த தோழிக்குப் பல்லு கிட்டி, பேச்சுக் குழற ஆரம்பிச்சது. அது வெறும் குளிர் இல்லை, உடம்புச் சூடு ஆபத்தா இறங்குறதோட அறிகுறி. ஈரத்தைக் கழட்டி, பொலித்தீனில் சுத்தி வச்சிருந்த ஒரே கம்பிளியால போர்த்தி, சீனி போட்ட சூடான தேத்தண்ணி கொடுத்து விடிய வச்சோம். அடுப்பை டென்டுக்கு வெளியே வச்சுத்தான் கொதிக்க வச்சோம், மூடின டென்டுக்குள்ள புகை ஆளைக் கொல்லும். காலையில் மாமா பார்த்துட்டுச் சொன்னது, “கான்ல படுத்துட்டு மழையத் திட்டினா எப்படிப் புள்ள?”

நெருப்புக்கு வருவோம். வறட்சியில் மானாப்புல் ஒரு பொறிக்கே பத்தும், காற்று இருந்தா யாராலயும் பிடிக்க முடியாது. அந்தக் காலத்தில் புல்வெளியில் நெருப்பே வேண்டாம். மரத்தடியிலும் வேண்டாம், அதுக்குக் காரணம் குளவி. மலையகச் செய்திகளை வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், ‘குளவி கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்’ என்ற தலைப்பு மாசம் தவறாது. உங்க புகையில் கலைஞ்ச கூடு நீங்க பஸ் ஏறின பிறகு கொழுந்து எடுக்கிறவங்க மேலதான் இறங்கும். ஏற்கெனவே கலைஞ்சிட்டா கையை வீசாதீங்க, முகத்தை மூடிக்கிட்டு ஓடுங்க. நிறையக் கொட்டினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காம 1990க்கு அடிங்க. தோட்ட ரோட்டில் அம்புலன்ஸ் வந்து சேர நேரமெடுக்கும், அதையும் கணக்கில் வைங்க. அட்டைக்கு எந்த ஸ்ப்ரேயும் தேவையில்லை. எங்க அம்மா காலில் சவர்க்காரம் பூசிக்கிட்டுத்தான் மலைக்குப் போறாங்க.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘தடை பண்ணுங்க’ன்னு ஒரு குரல் எழும்பும். தடை போட்டா நிற்கிறது லயத்துப் பெடியனோட வழிகாட்டி வேலைதான். ஜீப் வச்சிருக்கிறவன் வேற வழியால ஏறிடுவான். அதைவிட, தோட்டக் காணின்னா நிர்வாகத்திட்டயும் காடுன்னா வனத் திணைக்களத்திட்டயும் அனுமதி எடுங்க. ஊர்ப் பெடியன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போங்க, மூட்டை தூக்க மட்டும் இல்லாம வழி சொல்ல. அவன் ‘இன்னைக்கு வேணாம் அண்ணே’ன்னா, பேசின காசைக் கொடுத்துட்டுத் திரும்புங்க. அந்தக் காசுக்குப் பேரம் பேசுறவங்களை நான் கண்ணால பார்த்திருக்கேன். எத்தனை பேர் போறீங்க, எப்போ இறங்குவீங்கன்னு கீழே யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லிட்டும் போங்க.

வர்ற பெப்ரவரியில் நாங்க அஞ்சு பொண்ணுங்க திரும்ப நமுனுகுலைக்கு ஏறுறோம். மாமா வழிகாட்டியா வர்றார், பேசின கூலிக்கு. அம்மாவையும் கேட்டிருக்கோம். “அன்னைக்குப் பேரு விழாதே”ன்னு யோசிக்கிறாங்க, அந்த ஒரு நாள் பேரை அஞ்சு பேரும் சேர்ந்து போடுறதா சொல்லியிருக்கோம். மாமாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: ஊற்று இருக்கிற இடத்தை டிக்டொக்கில் போடக்கூடாது. அஞ்சு பேரில் ஒருத்தி மட்டும் இன்னும் சம்மதிக்கல, பேச்சுவார்த்தை நடக்குது.