அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

"பொதுத் தேர்வில் அந்தப் பையனுக்கு மட்டும் ஏன் கூடுதலாக ஒரு மணி நேரம்? மற்றப் பிள்ளைகளுக்கு அது அநீதி இல்லையா?" என்று காயல்பட்டினத்தில் ஒரு தந்தை என்னிடம் கேட்டார்.

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே வகுத்துள்ளது. மற்றவர் மதிப்பெண்ணில் ஒன்றுகூட அதனால் குறைவதில்லை. ஆனால் அவருக்கு நான் சட்டத்தைச் சொல்லவில்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். அறப்போருக்குச் செல்வோரும் வீட்டில் தங்கியோரும் சமமாகார் என்ற வசனம் (4:95) அருளப்பட்டபோது, பார்வையற்ற அந்த ஸஹாபி தம் நிலையை முறையிட்டார்கள். இயலாதோருக்கான விலக்கு அவ்வசனத்திலேயே சேர்ந்து இறங்கிற்று. அவர்களே வீட்டில் தொழ அனுமதி கேட்டபோது, பாங்கொலி கேட்கிறதா என வினவிய நபி (ஸல்) அவர்கள், ஜமாஅத்துக்கு வருமாறே கூறினார்கள்.

நாமோ சலுகை என்ற பெயரில் பிள்ளையை வெளியே நிறுத்திவிடுகிறோம். "இவள்மீது கடமை இல்லை" என்று, காது கேளாத சிறுமி ஒருத்தியை மக்தபிலிருந்து நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தம்பி வீட்டில் ஓதும்போது அவன் உதட்டையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாளாம். பின்னாளில் தாயார் சொன்னார். சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது முன்வரிசையில் அமர்கிறாள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கத்தை நான்தான் இன்னும் விடவில்லை.